ரோசியின் சீம்பால்

பசு கன்று ஈன்றவுடன் கறக்கிற மஞ்சள் சீம்பாலுக்கு ஒரு வாசனை உண்டு என்று பிள்ளைப்பாக்கத்தில் போய்ச் சொன்னால் ஒருவரும் மூக்கின் மேல் விரல் வைக்க மாட்டார்கள். சீம்பால் அவிக்கிற வீட்டைத் தெருமுனையிலேயே மோப்பம் பிடித்து, ஏதோ வேறு வேலையாக வந்தவர்கள் போல முகத்தை வைத்துக்கொண்டு வந்து நிற்கிற ஜனங்கள் அவர்கள். ஆனால் அந்தப் பாலுக்குள் வாசனையைச் சுமந்துகொண்டு திரிகிற ஒரு புரதம் இருக்கிறது, அதைக் கண்டுபிடித்தது நான்தான் என்று பிரவீனா வீட்டில் சொன்னபோது, அவளுடைய அம்மா, "சரி, மத்தியானம் சாப்பிட்டியா?" என்றுதான் கேட்டாள்.

அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. ஒரகடத்தில் லாரிக் கம்பெனிக்குப் பின்னால், உதிரிபாகக் கிடங்குகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட மாடிக் கட்டடம்தான் பிரவீனா வேலை பார்க்கிற பால் ஆய்வுக்கூடம். அங்கே ஒரு மாடு கூடக் கிடையாது. சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேர் அதை ரத்தப் பரிசோதனை செய்கிற இடம் என்று நினைத்து, வெறும் வயிற்றோடு படியேறி வந்து திரும்பிப் போயிருக்கிறார்கள். பிரவீனா வாலாஜாபாத்திலிருந்து தினமும் அங்கே வந்துபோகிறாள். நான்கு வருடமாக அவள் வேலை என்னவென்றால், மற்றவர்களின் ஆராய்ச்சிக்கு ஐஸ் பெட்டி தூக்குவது. கட்டுரை வெளியானால் கடைசியில் நன்றி சொல்கிற இடத்தில் அவள் பெயர் வரும். வேன் ஓட்டுகிறவர் பெயருக்கு முன்னால் வந்தால் அன்றைக்கு அவளுக்கு நல்ல நாள்.

இந்த முறைதான் அவளிடமே ஒரு கேள்வியைக் கொடுத்திருந்தார் கோதண்டராமன் சார், ஆய்வுக்கூடத்தின் தலைவர். மாட்டின் மூக்கு ஈரத்தில் ஒரு புரதம் இருக்கிறது. வாசனைத் துகளுக்கு ஈரத்தில் தானாகப் போகத் தெரியாது. ஒரகடம் கூட்டுரோட்டில் நிற்கிற ஆட்களை ஷேர் ஆட்டோ அள்ளிக்கொண்டு போய்க் கம்பெனி வாசலில் இறக்குகிற மாதிரி, அந்தப் புரதம் வாசனையை ஏற்றிக்கொண்டு போய் நரம்பு வாசலில் இறக்கும். அதே புரதம் நம் ஊர் மாட்டின் சீம்பாலிலும் இருக்கிறதா? இருந்தால், பிறந்த கன்று தன் தாயை மோந்து கண்டுபிடிப்பதற்கு அதுதான் வழிகாட்டுகிறதா? இதுதான் கேள்வி.

பிள்ளைப்பாக்கத்தில் சினை மாடு வைத்திருந்த ஏழு பெண்களைப் பிடித்துக் குழாய், கையுறை, சுத்தமான துணி, ஐஸ் பெட்டி எல்லாம் கொடுத்து, எப்படிப் பிடிக்க வேண்டும் என்று உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். மாடு கன்று போட்டதும் வெந்நீரில் மடியைத் துடைக்க வேண்டும். கையுறை மாட்ட வேண்டும். முதல் கறவையைக் குழாயில் பிடித்து, மூடி, ஐஸில் புதைத்து, அவளுக்குப் போன் செய்ய வேண்டும். மாடு நமக்குத் தோதான நேரம் பார்த்தா ஈனும்? அதனால் ஈனுகிறபோது இவள் ஒருநாளும் அங்கே இருந்ததில்லை. போன் வந்ததும் ஸ்கூட்டியில் போய்ப் பெட்டியை வாங்கி வருவாள். ஒப்பிட்டுப் பார்க்க வாலாஜாபாத் பக்கம் ஒரு பெரிய பண்ணையிலும் சீம்பால் வாங்கினாள். அங்கே எல்லாம் மெஷின் கறவை. கன்று விழுந்த கையோடு அதை வேறு கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள்.

முடிவு வந்தபோது பிரவீனா அதை மூன்று முறை சரிபார்த்தாள். பண்ணைப் பாலில் அந்தப் புரதம் மருந்துக்குக் கூட இல்லை. பிள்ளைப்பாக்கத்துப் பாலில் ஏழு குழாயில் ஆறில் இருந்தது.

கோதண்டராமன் சார் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். அவர் சாதாரணமாக டீ வந்தால் கூட எழ மாட்டார்.

"பிரவீனா, இது சின்ன விஷயம் இல்லம்மா. வீட்டுல வளர்ற மாட்டுக்கு இருக்கு, பண்ணை மாட்டுக்கு இல்லை. பெங்களூர் மாநாட்டுல நீதான் பேசறே. கட்டுரையிலயும் முதல் பேரு உன் பேருதான்."

முதல் பெயர்! அன்றைக்கு முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரே ஒரு உறுத்தல் இருந்தது. பண்ணை மாடும் கலப்பின ஜெர்சி, பிள்ளைப்பாக்கத்து மாடும் கலப்பின ஜெர்சி. எல்லாம் ஒரே மாதிரி சினை ஊசியில் பிறந்தவை. பின்னே எப்படி இந்த வித்தியாசம் என்று ஒரு குரல் அடிவயிற்றில் முனகியது. சந்தோஷத்தில் இருக்கிறவர்கள் அடிவயிற்றுக் குரலை என்ன செய்வார்களோ அதையே அவளும் செய்தாள். வாயை மூடு என்றாள்.

இன்னொரு இடைஞ்சல் அந்த ஏழாவது குழாய். அது அமலாவின் மாட்டுப் பால். அமலா, செல்போன் கம்பெனியில் லைனில் நிற்கிறவள், மாதா கோயில் தெருவில் வீடு, ரோசி என்று ஒரு செவலை மாடு. அவள் கொடுத்த பாலில் மட்டும் புரதம் இல்லை. இரண்டு முறை போட்டுப் பார்த்தாகிவிட்டது, இல்லை.

"ஒரு மாடு ஏமாத்தினா ஏமாத்திட்டுப் போகட்டும். பிடிச்சதுல ஏதாவது கோளாறா இருக்கும். கேட்டு எழுதிக்கோ" என்றார் சார்.

பிரவீனா போன் செய்தாள். "அமலாக்கா, ஐஸ் சரியா போட்டீங்களா? உங்க குழாய்ல மட்டும் ஒண்ணு சரியா வரல."

எதிர்ப்பக்கம் முதலில் கம்பெனி பஸ்ஸின் ஹாரன்தான் கேட்டது. பிறகு அமலா, "எங்கனா தப்பு பண்ட்டேன் போலக்கீதும்மா. அன்னிக்கு எனக்குக் கையே ஓடல. மன்னிச்சுக்க" என்றாள்.

பிரவீனா அதை 'சேகரிப்பில் பிழை' என்று எழுதி ஏழாவது குழாயைக் கணக்கிலிருந்து தள்ளிவிட்டாள். பால் கொடுத்த எல்லாருக்கும் ஆய்வுக்கூடம் ஆளுக்கொரு எவர்சில்வர் வாளி கொடுத்தது. ஆறு பேர் வந்து வாங்கிப் போனார்கள். அமலா மட்டும் வரவில்லை. "நாந்தான் கெடுத்துட்டேனே, எனக்கு எதுக்கும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அந்த வாளி பிரவீனாவின் மேஜைக்கு அடியில் கிடந்தது. நாற்காலியை நகர்த்தும்போதெல்லாம் காலில் இடித்தது.

மாநாட்டுக்கு முந்தின வாரம். பேச்சுக்கு நடுவில் போட்டுக் காட்ட நல்ல படம் ஒன்று வேண்டும் என்றார் சார். தாயும் கன்றும், பார்த்தவுடன் மனதில் ஒட்டுகிற மாதிரி. அதற்குத் தோதாகக் காந்திமதி காலையில் போன் செய்தாள். அந்த ஏழு பேரில் வாயாடி அவள்தான். ஊரில் எந்த வீட்டு மாடு எப்போது எதைத் தின்றது என்பது வரை அவளிடம் விவரம் உண்டு.

"பாப்பா, எங்க ரெண்டாவது மாடு வலி எட்த்து நெலகொள்ளாம கெடக்குது. படம் புடிக்கணும்னியே, ஓடியா."

பிரவீனா போய்ச் சேர்ந்தபோது கன்று பிறந்து தரையில் கிடந்தது. காந்திமதியின் வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட கொட்டகை. அதற்குப் பின்னால் கண்டெய்னர் யார்டின் மதில். மதிலுக்கு மேலே நீலமும் சிவப்புமாகப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. மாடு தொண்டைக்குள்ளேயே மெதுவாகச் சத்தம் போட்டபடி தன் கன்றை நக்கிக்கொண்டே இருந்தது. தலை, காது, வயிறு என்று ஓரிடம் விடவில்லை. நக்க நக்கக் கன்று எழ முயன்று, விழுந்து, மறுபடி எழுந்தது. இத்தனை வருடம் பாலோடு பழகியும் இதை அவள் பார்த்ததே இல்லை. போனை எடுத்து ஒன்று மாற்றி ஒன்றாகப் படம் எடுத்தாள்.

காந்திமதி வெந்நீர் கொண்டுவந்தாள். பிரவீனா கொடுத்திருந்த துணியால் மடியைத் துடைத்தாள். கையுறையை மாட்டிக்கொண்டு, கல்யாண வளையலைக் காட்டுகிற மாதிரி இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள்.

"பாத்துக்க பாப்பா. நீ சொன்னதுல ஒண்ணு வுடல. ஆஸ்பத்திரி கெட்டுது. இது ஒன்னோட கணக்குல வராட்டியும் ஒரு கொழாய் புடிச்சுத் தரேன், எட்த்துக்கினு போ."

சொல்லிவிட்டுக் கன்றை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி மாட்டின் மடியில் கொண்டுபோய் விட்டாள். கன்று தட்டுத்தடுமாறிக் காம்பைத் தேடியது. மூக்கிலிருந்து கோழை நூலாகத் தொங்கியது. அந்த மூக்கை மடியில் வைத்து முட்டியது, தேய்த்தது, காம்பைப் பிடித்துச் சப்பியது. காந்திமதி அதன் தலையை ஒவ்வொரு காம்பாக மாற்றி மாற்றி வைத்தாள். வாலை ஆட்டிக்கொண்டு அது குடித்தது. பிறகு அதை விலக்கி, "இந்தா, செத்த புடி" என்று பிரவீனாவின் கையில் கொடுத்துவிட்டு, குழாயைக் காம்புக்கு நேரே பிடித்துக் கறக்க ஆரம்பித்தாள்.

கன்று பிரவீனாவின் பிடியில் திமிறியது. அவளுடைய துப்பட்டாவில் மூக்கைத் துடைத்துக்கொண்டது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. குழாயில் மஞ்சளாக ஏறுகிற பாலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, என்ன பண்றீங்க?"

"கறக்கறேன். இத்தப் போய்க் கேக்குற?"

"இல்லக்கா, கன்னுக்குட்டி முதல்ல குடிச்சுதே."

"ஊட்ட வுடாம எப்டிமா மடி எறங்கும்? மாடு பால வுடுமா? அதுவும் இல்லாம, அதுக்குன்னு ஆண்டவன் குட்த்த பாலு. அது வாய் வெக்கறதுக்கு முன்னாடி நாம கை வெச்சா நல்லாவா இருக்கும்?"

"ஆனா மடியைத் துடைச்சப்புறம்… அது எச்சில் ஆயிடுச்சே."

காந்திமதி கறப்பதை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள். படித்த பெண் இப்படிப் பேசுகிறதே என்கிற இரக்கம் அந்தப் பார்வையில் இருந்தது.

"கன்னு வாய் வெச்சா எச்சிலா இன்னா? எந்த ஊருல சொல்லுவாங்க அத்த?"

எந்த ஊரிலும் சொல்ல மாட்டார்கள். பிரவீனாவின் அம்மா கூடச் சொல்ல மாட்டாள். அதனால்தான் யாருக்கும் அது வாயில் வரவில்லை. இவள் கேட்கவில்லை, அவர்கள் சொல்லவில்லை. முதல் கறவை என்று இவள் சொன்னது அவர்கள் காதில் கன்று குடித்த பிறகு வருகிற முதல் கறவை என்றுதான் விழுந்தது. வேறு எப்படி விழும்?

கன்றின் மூக்குக் கோழை. அந்தப் புரதம் ஊறுகிற இடமே அதுதான். அது காம்பிலும் மடியிலும் அப்பி, அங்கிருந்து பாலோடு சேர்ந்து குழாய்க்குள் இறங்கியிருக்கிறது. பண்ணையில் கன்றைக் கண்ணிலேயே காட்டாமல் பிரித்துவிடுகிறார்கள், அதனால் அங்கே இல்லை. அவள் கண்டுபிடித்தது பாலில் ஊறியதா, கன்று ஒழுகவிட்டதா? இனி யாராலும் சொல்ல முடியாது. முதல் பெயர், பெங்களூர், சாரின் சந்தோஷம் எல்லாம் அந்த ஒரு நூல் கோழையில் வழுக்கிக்கொண்டு போவதை அவள் பார்த்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாட்டுக் கொட்டகையில் கன்றை வைத்துக்கொண்டு அழுதால் காந்திமதி ஊரையே கூட்டிவிடுவாள் என்று அடக்கிக்கொண்டாள்.

"எல்லாரும் இப்படித்தான் பிடிச்சாங்களாக்கா? ஊட்ட விட்டு?"

"ஆமா. பின்ன?"

"அமலாக்காவும்?"

காந்திமதியின் வாய் சட்டென்று நின்றது. அது அபூர்வம். குழாயை மூடி ஐஸில் வைத்து, கையுறையைக் கழற்றி, அதன் பிறகுதான் பேசினாள்.

"அமலாவுக்கு எங்கம்மா? ரோசி போட்ட கன்னுதான் பொறக்கும்போதே உசுரு இல்லியே. கெடேரிக் கன்னு. நல்லா செவசெவன்னு ஆத்தாக்காரி மாரியே. ஒனக்குத் தெரியாதா?"

"தெரியாதுக்கா. சொல்லவே இல்லையே."

"அவ எவங்கிட்டயும் சொல்லல. ஷிப்ட்டுக்குப் போகாம குந்திகினு இருந்தா, நான் போய் இன்னாடின்னு கேட்டப்பறம்தான் தெரியும். கன்னு செத்த வூட்டு சீம்பால யாரு வாங்குவாங்க? அவளும் அடுப்புல ஏத்தல. ஒனக்கு வாக்கு குட்த்துட்டமேன்னு ஒரு கொழாய் புடிச்சுட்டு, மீதிய தென்னைக்கு ஊத்திட்டா."

பிரவீனா கன்றைத் தாயிடம் விட்டாள். தாய் மறுபடி நக்க ஆரம்பித்தது. ஏழு குழாயில் கன்றின் வாய் படாத பால் ஒன்றே ஒன்று. அதைத்தான் அவள் பிழை என்று எழுதித் தள்ளியிருக்கிறாள். அதைவிட மோசம், ஐஸ் சரியாகப் போட்டாயா என்று ஒருத்தியைப் போனில் கேட்டிருக்கிறாள். அந்த நினைப்பு வந்ததும் தன் கண்டுபிடிப்பு போன துக்கம் கூட அவளுக்குக் கொஞ்சம் பின்னால் போய்விட்டது.

ஒரகடம் கூட்டுரோட்டில் ஸ்கூட்டியை நிறுத்தி டீ வாங்கினாள். குடிக்கவில்லை. போனில் எடுத்த படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஒரு படத்தில் கன்று காம்பைச் சப்புகிறது, மூக்கிலிருந்து மடி வரை பளபளவென்று ஈரம். சார் கேட்ட மாதிரியே மனதில் ஒட்டுகிற படம். இந்தப் படத்தைப் போடாமல் தாய் நக்குகிற படத்தைப் போட்டால் பெங்களூரில் யாருக்குத் தெரியப்போகிறது? காந்திமதி பெங்களூருக்கு வரப்போவதில்லை. முதல் பெயர் ஒரு முறைதான் வரும். நான்கு வருடம் ஐஸ் பெட்டி தூக்கியது அவள் தோளுக்குத் தெரியும். இப்படி எல்லா நியாயத்தையும் தனக்குத் தானே எடுத்து வைத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் பதிலாக, "மன்னிச்சுக்க" என்று அமலா போனில் சொன்னதுதான் காதில் கேட்டது. தப்பே செய்யாதவள் கேட்ட மன்னிப்பை வாங்கி வைத்துக்கொண்டு எந்த மேடையில் போய் நிற்பது? டீயை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

கோதண்டராமன் சார் படத்தைப் பார்த்தார். முதலில், "அருமையா இருக்கேம்மா" என்றார். பிறகு அவள் கன்றின் மூக்கை விரலால் பெரிதாக்கிக் காட்டினாள். சார் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார், மறுபடி பார்த்தார். அவர் முகம் விழுந்துபோனது.

"கன்னு வாய் வைக்கறதுக்கு முன்னாடின்னு நீ சொல்லலையா?"

"இல்ல சார். நீங்க கொடுத்த வழிமுறையில அது இல்ல."

அவருக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தேடினார். வழிமுறையை எழுதியவர் அவர்தான். கன்றைப் பிறந்தவுடன் பிரித்துவிடுகிற ஏதோ ஒரு தேசத்துப் பண்ணையில் எழுதியதை எடுத்து, எழுத்து மாறாமல் பிள்ளைப்பாக்கத்துக்கு இறக்கியிருந்தார். அங்கே கன்று பக்கத்திலேயே கிடையாது என்பதால் அதைப் பற்றி ஒரு வரி கூட எழுதவில்லை. சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எங்க வீட்டுலயும் மாடு இருந்தது பிரவீனா. நானே கன்னை அவிழ்த்து விட்டிருக்கேன். எனக்கு எப்படித் தோணாம போச்சு?" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. "பால்ல இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது. சுத்தமா இருக்கறது ஒரு குழாய். ஒண்ணை வெச்சு ஒண்ணும் பேச முடியாது. பெங்களூருக்கு நான் எழுதிடறேன். திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். கன்னு மூக்குல எடுக்கணும், குடிக்கறதுக்கு முன்னாடி எடுக்கணும், பின்னாடி எடுக்கணும்."

"முன்னாடி எடுக்க விடுவாங்களா சார்?"

"நீ கேட்டா விடுவாங்களோ என்னமோ. நான் கேட்டா மாட்டைத்தான் என் மேல அவிழ்த்து விடுவாங்க."

பிரவீனாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இருக்கைக்குப் போய், 'சேகரிப்பில் பிழை' என்று இருந்ததை அழித்துவிட்டு, 'கன்று இறந்தது. வாய் வைக்கவில்லை' என்று அடித்தாள். பிறகு குனிந்து, மேஜைக்கு அடியிலிருந்து வாளியை எடுத்தாள்.

முதல் ஷிப்ட் விட்டு கம்பெனி பஸ் அமலாவை இறக்கிவிட்டுப் போயிருந்தது. அடையாள அட்டை கழுத்தில் தொங்க, சீருடையைக் கூட மாற்றாமல் அவள் ரோசிக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். வாளியோடு வந்து நின்ற பிரவீனாவைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"அய்யோ, இன்னாம்மா நீயே தூக்கிகினு வந்துட்ட? அதான் எனக்கு வாணாம்னு சொன்னேனே."

"அக்கா, நீங்க தப்பு பண்ணல. ஏழு பேர்ல உங்க பால் ஒண்ணுதான் சரியான பால். தப்பு என்னோடது. கேக்கக் கூடாததை உங்களைக் கேட்டுட்டேன்." வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது இதைவிட நீளம். மீதி வரவில்லை. "கன்னுக்குட்டி போனது எனக்குத் தெரியாதுக்கா. இன்னிக்குத்தான் காந்திமதியக்கா சொன்னாங்க."

அமலா புடவைத் தலைப்பு என்று நினைத்துச் சீருடைச் சட்டையில் தவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"சொல்லணும்னுதான் இருந்தேன். வாய் வரல. யார்கிட்ட சொன்னாலும், மாடு வெச்சிருந்தா அப்டித்தாம்பாங்க. பால கொட்டிடலாம்னுதான் பாத்தேன். கன்னுதான் குடிக்கல, ஒனக்காச்சும் ஒதவட்டுமேன்னு புடிச்சேன். அதுவும் ஒதவலன்னு நீ சொன்னப்ப…" அவள் முடிக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, "ஏம்மா, அந்தப் பால்ல இன்னா இல்லன்னு சொன்ன?" என்றாள்.

எப்படிச் சொல்வது என்று பிரவீனா தயங்கினாள். புரதத்தின் பெயரைச் சொல்லிப் புண்ணியமில்லை.

"கன்னோட மூக்குல ஊர்ற ஒண்ணுக்கா. வாசனையைத் தூக்கிட்டு வர்றது. கன்னு முட்டிக் குடிச்சா அது மடியில ஒட்டி, பால்ல வந்துடும். எல்லார் பால்லயும் இருந்துது. உங்க பால்ல இல்ல."

"மிசினுக்குக் கூட அது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுக்கா. எனக்குத்தான் தெரியல."

அமலா ரோசியின் முதுகில் கை வைத்தாள்.

"இதுக்கும் தெரிஞ்சுதும்மா. அன்னிக்கு நான் கறக்கறேன், இது திரும்பித் திரும்பி என் கையத்தான் மோந்து பாக்குது. நீ குட்த்த க்ளவுஸ் போட்டுகினு இருக்கேன், அதனால ஏமாந்து பாக்குதோன்னு, கொழாய மூடிட்டு, க்ளவுஸ கழட்டிட்டு வெறுங்கைய நீட்னேன். அதயும் மோந்துது. அதுலயும் கன்னு வாசன இல்லன்னதும் மூஞ்சத் திருப்பிகிச்சு. அப்பதான் எனக்குக் கையே ஓடல."

பிரவீனா வாளியைக் கீழே வைக்கக் குனிந்தாள். துப்பட்டா தோளிலிருந்து சரிந்து முன்னால் விழுந்தது. காலையில் காந்திமதியின் கன்று மூக்கைத் துடைத்த இடம் அதில் காய்ந்து வெள்ளைத் திட்டாக இருந்தது.

ரோசி தவிட்டுத் தொட்டியிலிருந்து தலையைத் தூக்கியது. கழுத்தை நீட்டித் துப்பட்டாவின் நுனியை மோந்தது. மூச்சு புஸ்ஸென்று வந்தது. அதே இடத்தை மறுபடி, இன்னும் கிட்டத்தில் மோந்தது. பிறகு தொண்டைக்குள்ளேயே, வாயைத் திறக்காமல், மெதுவாக ஒரு சத்தம் போட்டது. காலையில் காந்திமதியின் மாடு தன் கன்றை நக்கும்போது போட்ட சத்தம் அது. போட்டுவிட்டு நாக்கை நீட்டி அந்தத் திட்டை நக்கத் தொடங்கியது.

பிரவீனா பதறித் துப்பட்டாவை இழுக்கப் போனாள்.

"இழுக்காதம்மா" என்றாள் அமலா. கண்ணில் நீர் கொட்டியது, அவள் துடைக்கவில்லை. "அதோட கன்னு இல்லன்னு அதுக்கே தெரியும். நக்கிட்டுப் போவுது, வுடு."

பிரவீனா குனிந்த வாக்கிலேயே, வாளியைப் பிடித்தபடி, ரோசி முடிக்கும்வரை அசையாமல் நின்றாள்.